இடித்த லாட்ஜின் சாவி

எங்கள் லாட்ஜில் நாலாம் எண் அறைக்கு அடுத்தது பதினேழு. அதற்கு அடுத்தது ஒன்பது. அதையும் தாண்டினால் இன்னொரு நாலு வரும். புதிதாக வருகிறவர்கள் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நடைவழியில் முன்னும் பின்னும் அலைவார்கள். "கணக்கு வாத்தியார் எவராவது இங்க தங்கினா மறுநாளே ராஜினாமா பண்ணிடுவார்" என்பாள் அக்கா.

காரணம் எளிது. அந்தக் கதவுகள் எங்களுடையவை அல்ல. எங்கள் கதவுகளை உப்புக்காற்று தின்றுவிட்டது. கடற்கரைச் சாலையில் வரிசையாக நின்ற லாட்ஜுகளில் முதலில் 'மீன் பொம்மை'யை இடித்தார்கள். அது அதன் பெயரல்ல; வாசலில் நின்ற சிமெண்டு மீனை வைத்து ஊர் அப்படித்தான் அழைத்தது. அதன் கதவுகள் நல்ல மரமாக இருந்ததால் இரண்டை வாங்கி வந்து மாட்டினேன். பிறகு 'பச்சை ஜன்னல்' போனது. பிறகு 'வளைவு மாடி'. ஒவ்வொன்றும் போகும்போது இடிக்கிற காண்ட்ராக்டர் எனக்குப் போன் போடுவார். "சார், கதவு வருது, வேணுமா?" வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. எண் தகடுகளைக் கழற்றினால் மரத்தில் வெளிறிய தடம் விழுந்தது. அதனால் கழற்றாமல் விட்டேன். பூட்டுகள் கதவுக்குள்ளேயே பதித்தவை, உறுதியானவை, அவற்றையும் விட்டேன். சாவிகளைக் காண்ட்ராக்டர் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

மீன் பொம்மை இருந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். பச்சை ஜன்னல் இருந்த இடத்தில் அடுக்கு வீடுகள். வருஷத்தில் பாதி நாள் அவற்றில் ஒரு விளக்குகூட எரியாது. எங்களுக்கு இடதுபுறம் இருந்த வளைவு மாடி இப்போது ஒரு பெரிய குழி. அதில் ஒரு கட்டடக் கம்பெனி தூண் இறக்குகிறது. இயந்திரம் ஓங்கிக் குத்தும்போதெல்லாம் வரவேற்பு மேஜைமேல் இருக்கும் மணி தானாகக் கிணுங்கும். ஆள் வந்துவிட்டார்கள் என்று எழுந்து எழுந்து பார்த்து, எனக்கு உட்காரும் பழக்கமே விட்டுப்போயிற்று. அக்கா அந்தச் சத்தத்தைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

லாட்ஜ் அப்பா கட்டியது. அக்காவுக்கும் எனக்கும் சரிபாதி. அக்காவின் கணவர், எங்கள் மாமா, காலமான பிறகு அவள் கீழ்த்தளத்தின் கடைசி அறையிலேயே குடியிருக்கிறாள். படுக்கை, விரிப்பு, சலவை அவள் பொறுப்பு. கதவு, குழாய், தங்க வருகிறவர்களின் கடிதங்களுக்கும் போனுக்கும் பதில் சொல்வது என் பொறுப்பு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஜோடி ஜோடியாக வந்து சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தே எனக்கு ஆசை தீர்ந்துவிட்டது என்று அக்கா எல்லோரிடமும் சொல்லுவாள்.

குழி தோண்டுகிற அதே கம்பெனி எங்கள் இடத்தையும் கேட்டது. அக்கா கேட்ட மாத்திரத்தில் சரி என்றாள். அவள் மகள் கடலே இல்லாத ஒரு ஊரில் வீடு பார்த்து வைத்திருந்தாள். அம்மாவுக்குப் படி ஏற வேண்டாத கீழ் அறை; மாமனான எனக்கு மேலே ஒன்று. மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்று அந்த வீட்டின் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். சாயங்காலமானால் மகள் போன் செய்துவிடுவாள்.

"அம்மா, எப்ப வர்ற?"

"உன் மாமனைக் கேளு. அவன்தான் இன்னும் பேனா வாங்கப் போயிருக்கான்."

பத்திரத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். அக்கா தன்னுடையதைப் போட்டுவிட்டாள். நான் முதலில் சீசன் முடியட்டும் என்றேன். சீசன் முடிந்தது. அப்பா காலத்துப் பத்திரத்தின் நகல் வேண்டும் என்றேன். கொண்டுவந்து கொடுத்தார்கள். காம்பவுண்டுச் சுவரைத் தவறாக அளந்திருக்கிறார்கள், மறுபடி அளக்க வேண்டும் என்றேன். அதற்கும் ஒரு ஆளை அனுப்பினார்கள். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பினார்கள். இந்த முறையும் கையெழுத்து ஆகவில்லை என்றால் எங்கள் இடம் தேவையில்லையாம். வலப்பக்கத்து மனையை வாங்கி, எங்களை நடுவில் விட்டுச் சுற்றிக் கட்டிவிடுவார்களாம். அப்புறம் எங்களுக்கு வெயிலும் கிடையாது, வாங்க வேறு ஆளும் கிடையாது.

இதற்கு நடுவில் அந்தப் புதிய வீட்டை ஒருமுறை போய்ப் பார்த்தேன். மேல் அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலைத் திறந்தேன், சாத்தினேன். பழுது பார்க்க அங்கே எதுவும் இல்லை. மறு பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

அளக்க வந்தவர் பருத்த, சிவந்த மனிதர். இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்கியதால் அக்கா அவருக்கு டேப் என்று பெயர் வைத்துவிட்டாள். அவர் ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் போவதாக இருந்ததால் ஒன்பதாம் எண் அறையைக் கொடுத்தேன். மத்தியான வெயிலில் சுவர் ஓரமாகவே குனிந்து நிமிர்ந்து அளந்து முடித்துவிட்டு, வேர்த்து ஒழுக அறைக்குப் போனார். அக்கா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை மடித்துக்கொண்டே பேசினாள்.

"அளந்தாச்சாம். சுவர் இருந்த இடத்துலதான் இருக்காம். இப்ப என்ன சொல்லப் போற?"

"மழை வர்ற மாதிரி இருக்கு. மழை முடிஞ்சதும்..."

"மழைக்கும் கையெழுத்துக்கும் என்னடா சம்பந்தம்? நீ என்ன கரைஞ்சா போயிடுவ?"

"இல்லக்கா, ஒரு வாரம்..."

"இந்த முனையைப் பிடி." விரிப்பின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினாள். "எனக்கு ஒரே ஒரு ஆசைதான். வேற யாரோ விரிச்ச படுக்கையில படுக்கணும். எழுந்ததும் அதை மடிக்காம வெளிய போகணும். லாட்ஜுக்கு வர்ற அத்தனை பேரும் அதைத்தான் பண்றாங்க. நான் பண்ணினதே இல்ல. அதுகூடத் தப்பா?"

முன்பக்கம் மணி கிணுங்கியது. நான் விரிப்பை விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"மெஷின்தான். ஓடாத, நில்லு."

"யாரோ வந்திருந்தா?"

"வந்திருந்தா இன்னொரு தடவை அடிப்பாங்க. பேச்சு வந்தா உனக்கு மணியும் வந்துடும்."

மணி இன்னொரு தடவையும் அடித்தது. "மெஷின்" என்றாள் அக்கா. பிறகு அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நடைவழியிலிருந்து டேப்பின் அலறல் கேட்டது.

நாங்கள் ஓடியபோது ஒன்பதாம் எண் அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே டேப் இடுப்பில் துண்டோடு, தலையெல்லாம் சோப்பு நுரையோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வாசலில் சின்னப் பெட்டியோடு ஒரு மனிதர். ஒல்லி. மூக்கில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் இன்னொரு கண்ணாடி.

"மன்னிச்சுக்கோங்க, இது என் ரூம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "அதாவது, என் ரூமா இருந்தது."

"யோவ், நான் குளிச்சிட்டு இருக்கேன்."

"தெரியுது சார். நீங்க குளிங்க."

"பூட்டிட்டுத்தானே குளிச்சேன். எப்படிய்யா உள்ள வந்த?"

அந்த மனிதர் கையை விரித்துக் காட்டினார். ஒரு சாவி. அதோடு மரத்தில் செதுக்கிய ஒரு மீன் தொங்கியது. மீன் பொம்மை லாட்ஜின் சாவிகளில் கோத்திருந்த அடையாளம் அது. பையில் போட்டால் உறுத்த வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு பெரிதாகச் செய்திருந்தார்கள்.

அக்கா அவரை வரவேற்பு மேஜைக்கு அழைத்து வந்து நாற்காலி போட்டாள். அவர் வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கல்யாணமான புதிதில் மனைவியோடு மீன் பொம்மையில் தங்கினாராம். ஊர் போய்ப் பெட்டியைப் பிரித்தால் சாவி கூடவே வந்திருக்கிறது.

"வருஷா வருஷம் அலமாரி சுத்தம் பண்றப்பல்லாம் எடுத்துக் காட்டுவா. 'திருடன் பொண்டாட்டிங்கற பேரோட நான் சாக மாட்டேன், கொண்டுபோய்க் குடுங்க'ம்பா. சரி, இந்தத் தடவை குடுத்துட்டே வந்துடலாம்னு கிளம்பிட்டேன். வந்து பார்த்தா மீனைக் காணோம், காரா நிக்குது. அங்க இருந்தவர்தான் சொன்னார், அந்த லாட்ஜ் கதவெல்லாம் பக்கத்துல ஒரு பைத்தி..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"முழுசாச் சொல்லுங்க" என்றாள் அக்கா. "அந்தப் பைத்தியம் இவன்தான்."

"மணி அடிச்சேன். யாரும் வரல. சும்மா உள்ள எட்டிப் பார்த்தேன். அதே ஒன்பது. அதே தகடு. பொருந்துதான்னு பார்க்கத்தான் சாவியைப் போட்டேன். திறந்துடுச்சு."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கொடுத்த அந்த மீன் என் கையில் கனத்தது.

டேப் பெட்டியோடு வெளியே வந்தார். காது மடலில் இன்னும் நுரை இருந்தது. "நான் பெரிய ஹோட்டலுக்குப் போறேன்" என்றார். "உங்க லாட்ஜ்ல பூட்டுன்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கீங்கன்னு தெரியல. சுவர் அங்குலம்கூட மாறல. நாளைக்கு மத்தியானம் பத்திரத்தோட வருவேன். போட்டா போடுங்க. போடலன்னா அதையும் அப்பவே சொல்லிடுங்க, நான் இன்னொரு தடவை இங்க குளிக்க வர மாட்டேன்."

அவர் போனதும் நடைவழிக்குப் போனேன். மீன் சாவியைப் பதினேழில் போட்டேன். அது வளைவு மாடியின் கதவு. இந்தச் சாவிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. திறந்தது. இரண்டாவது நாலில் போட்டேன். திறந்தது. மாடிக்கு ஓடினேன். சில திறக்கவில்லை. பாதிக்கு மேல் திறந்தன.

ஊரில் அந்தக் காலத்தில் இரும்புச் சாமான் கடை ஒன்றே ஒன்றுதான். எல்லா லாட்ஜும் பூட்டு வாங்கியது அங்கேதான். அந்தக் கடைக்காரன் இரண்டு மூன்று மாதிரிகளையே மாற்றி மாற்றி எல்லோருக்கும் விற்றிருக்கிறான். சாவியைத் திருப்பித் தராமல் போகிற ஆட்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் இந்தச் சாலையில் யாரும் இல்லை. மாதம் ஒருவருக்காவது 'தங்கள் சட்டைப் பையைப் பார்க்கவும்' என்று எழுதுகிறவன் நான். ஆனால் இடித்த லாட்ஜின் கதவை வாங்கும்போது, பையில் வந்த சாவிகளைத்தான் பார்த்தேன். வராத சாவிகள் எத்தனை ஊர்களில், எத்தனை அலமாரிகளில் கிடக்கின்றன என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை. லாட்ஜ் நடத்துகிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது.

கீழே வந்து கடைசிக் கதவில் சாவியைப் போட்டேன். அதுவும் திறந்தது. கட்டிலின் ஓரத்தில் அக்கா உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் இருந்த பதற்றத்தில் அது அவளுடைய அறை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

அவள் புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த மீனைப் பார்த்தாள்.

"இதுவுமா?"

"இது பச்சை ஜன்னல் கதவுதான், அக்கா. நான்..."

"பூட்டியிருந்தேனே."

"ஆமா."

"உங்க மாமா போனதுக்கு அப்புறம் தனியாத்தான் படுக்கிறேன். தினமும் பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்." கோபமாகச் சொல்லவில்லை. தைலப் பாட்டிலின் மூடியைத் திருகினாள். அது சரியாகப் பொருந்தாமல் வழுக்கியது. "ஒருத்தனும் வரல, அது வேற விஷயம். ஆனா நான் பூட்டிட்டுப் படுக்கிறதா நினைச்சுட்டு இருந்தேன்."

"நாளைக்கே எல்லாப் பூட்டையும் மாத்திடறேன்க்கா."

"பூட்டு மாத்த நாளைக்கு. கையெழுத்துக்கு?"

நான் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"அப்புறம் இன்னொண்ணு. தட்டிட்டுத் திறக்கணும்டா. இது லாட்ஜ்."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். அன்று முழுவதும் எனக்குக் கால் ஓயவில்லை. கண்ணாடிக் கடைக்காரரை அக்கா அனுப்பவில்லை. அவ்வளவு தூரம் வந்தவர் ஒன்பதிலேயே தங்கிவிட்டுப் போகட்டும் என்றாள். எங்கள் சாவியை நீட்டினேன். "என்னோடதே இருக்கே" என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லி, என் கையிலிருந்த மீனை வாங்கிக்கொண்டார். நான் ஸ்குரூ டிரைவரோடு அறை அறையாகப் போய், உள்தாழ்ப்பாள்களை ஆட்டிப் பார்த்து இறுக்கினேன். அக்கா அறைத் தாழ்ப்பாளை மட்டும், தட்டிவிட்டுப் போய், இரண்டு ஆணி கூடுதலாக அடித்தேன்.

காலையில் கண்ணாடிக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லாத் தூங்கினேன் சார். வீட்டுல போய்ச் சொன்னா நம்பவே மாட்டா" என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மத்தியானம் டேப் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே காரின் மேல் பத்திரத்தை விரித்தார். குழியில் இயந்திரம் குத்த, காகிதத்தின் ஓரம் நடுங்கியது.

"மழை வருமோ?" என்றார். அக்காதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"வந்தா வரட்டும்" என்றேன்.

போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன். "கதவெல்லாம்?"

"எங்களுக்கு மரமும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். முக்கியமா பூட்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நான் உள்ளே வந்தபோது மேஜைக்கு முன்னால் அக்கா நின்றிருந்தாள். வெளியூர் போகிற புடவை. கையில் ஒரு பை. மணியைத் தட்டினாள்.

"ரூம் இருக்குங்களா?"

ஒரு நொடி விழித்தேன். பிறகு மேஜைக்குப் பின்னால் போனேன். "இருக்குங்க."

"கடல் தெரியுமா?"

"குழி தெரியும். ஓரமா கடலும் தெரியும்."

"படுக்கை யார் விரிப்பாங்க?"

"நான்தாங்க."

"அப்ப கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. பரவாயில்ல, குடுங்க."

ஒன்பதை அவளுக்காகத் தயார் செய்தேன். விரிப்பின் மூலைகள் எனக்கு மடியவில்லை. ஒரு பக்கம் தொங்கியது, மறுபக்கம் எட்டவில்லை. அக்கா வாசலில் நின்று பார்த்தாள். அவள் விரல்கள் பையின் காதைப் பிசைந்துகொண்டிருந்தன. கட்டிலருகே வந்து, மூலையைச் சரிசெய்யக் குனிந்தவள் நிமிர்ந்துகொண்டாள். "நான் எதையும் தொடப் போறதில்ல" என்றாள். "போங்க, வேணும்னா கூப்பிடறேன்." எங்கள் சாவியை வாங்கிக்கொண்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மேஜைக்கு நான் திரும்பியபோது போன் அடித்தது. கண்ணாடிக் கடைக்காரர். குரலே சரியில்லை.

"சார், என்னை என்ன பண்ணினாலும் தகும். சாவி மறுபடியும் என் பையில வந்துடுச்சு. பஸ்ல உட்கார்ந்தப்ப மீன் குத்திச்சு, அப்புறம்தான் தெரிஞ்சது. வீட்டுக்குள்ள எப்படிப் போறதுன்னு தெருவுல நிக்கிறேன். அடுத்த வருஷம் கட்டாயம் கொண்டுவந்து குடுத்துடறேன். இருப்பீங்கல்ல?"

இடம் இல்லை என்று எங்கள் தொழிலில் யாரிடமும் போனில் சொல்வதில்லை. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். வாங்க, பார்த்துக்கலாம் என்றுதான் வாய் பழகியிருக்கிறது. ஆனால் சொல்லிவிட்டு அந்த மனிதரை இன்னொரு குழிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"லாட்ஜ் இருக்காதுங்க" என்றேன். "இன்னிக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அந்தப் பக்கத்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"அப்ப இதை என்ன சார் பண்றது? அவ என்னை வீட்டுல சேர்க்கணுமே."

"வச்சிருங்க. விலாசம் எழுதி அனுப்பறேன். நான் போற வீட்டுல மேல ஒரு ரூம் இருக்கு. ஒன்பதாம் நம்பர் பூட்டை அந்தக் கதவுல மாட்டிடறேன். எப்ப வந்தாலும் உங்க சாவி திறக்கும். உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, நேர்லயே குடுக்கட்டும்."

"நீங்க உள்ள குளிச்சிட்டு இருந்தா?"

"தட்டிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். சொன்னதை அப்போதே செய்துவிட வேண்டும் போல இருந்தது. நடைவழியில் பாதி தூரம் ஓட்டமாகவே போனேன். ஒன்பதின் முன்னால் நின்று, பூட்டுத் தகட்டின் திருகாணியில் கை வைத்துவிட்டு, பிறகு தட்டினேன்.

"ஆள் இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா, நான்தான். இந்தப் பூட்டைக் கழற்றணும். அஞ்சு நிமிஷ வேலை."

"நாளைக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் இது என் ரூம். போர்டுல நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க."

"அஞ்சே நிமிஷம்க்கா."

"மேனேஜரைக் கூப்பிடட்டுமா?"

கட்டில் கிறீச்சிட்டது. அவள் புரண்டு படுத்திருக்க வேண்டும். நான் எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். ஸ்குரூ டிரைவரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன், திரும்ப இந்தக் கைக்கு. குழியில் இயந்திரம் ஓங்கிக் குத்தியது. மேஜைமேல் மணி கிணுங்கியது. எழுந்துகொள்ள முழங்காலில் கையை ஊன்றினேன்.

"மெஷின்தான்டா" என்றாள் அக்கா, உள்ளேயிருந்து. "உட்காரு."